தங்கினவர்களும் ஸ்டே பண்ணினவர்களும்

எங்கள் வீட்டில் 'ஸ்டே' என்றால் கோர்ட்டில் வாங்குவது. அப்பா திருவண்ணாமலையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. விடிந்தும் விடியாமல் கட்சிக்காரர்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "எதிர்பார்ட்டி ஸ்டே வாங்கிட்டான்பா", "இந்த ஸ்டே இன்னும் எத்தினி நாளைக்கு நிக்கும்?", "ஸ்டேவை ஒடச்சிட்டாங்களாமே" என்று அவர்கள் பேசப் பேச, ஸ்டே என்பது காசு கொடுத்து வாங்குகிற, பால் போலச் சில நாளில் திரிந்துவிடுகிற ஒரு பண்டம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அப்பா மட்டும் ஒவ்வொருவரையும் சலிக்காமல் திருத்துவார். "அது ஸ்டே இல்லய்யா, இன்ஜங்ஷன். கீழ்க்கோர்ட்டு தீர்ப்பை நிறைவேத்தாம மேல்கோர்ட்டு நிறுத்தி வெச்சா அது ஸ்டே. ஆர்டர் 41, ரூல் 5. பக்கத்து நெலத்துக்காரனை வேலி போடாதேன்னு தடுத்தா அது இன்ஜங்ஷன். ஆர்டர் 39, ரூல் 1, 2." கட்சிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க, நம்ம ஸ்டே எப்போ கெடைக்கும்?" என்பார்.

1980களின் நடுவில் ஒரு நாள் அந்தத் திண்ணைக்கு முன்னால் ஒரு ஜெர்மன் பெண்மணி வந்து நின்றார். பருத்திப் புடவை, அதைச் சுற்றியிருந்த விதம் மட்டும் வேறு ஏதோ தேசத்தது. "கேன் ஐ ஸ்டே ஹியர்?" என்றார். திண்ணையில் இருந்த கட்சிக்காரர் அப்பாவின் காதருகே குனிந்து, "இந்தம்மா யார் மேல கேஸ் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

அப்போது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலைக்கென்று தனி மாவட்டம் 1989 செப்டம்பர் கடைசியில்தான் பிறந்தது. பெரிய கோயிலிலிருந்து செங்கம் ரோட்டில் 2 கிலோமீட்டர் வந்தால் சேஷாத்ரி ஆசிரமம், அதை ஒட்டி ரமணாசிரமம், அக்கம்பக்கத்தில் எங்கள் ரமண நகர். ஓட்டு வீடுகள், முள்வேலி, கிணறு, சாயங்காலமானால் கரண்ட் போகும். ஆசிரமத்தில் தங்க வேண்டுமானால் முன்கூட்டிக் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும்; அதுவும் சில நாளைக்குத்தான். அதற்கு மேல் இருக்க நினைப்பவர்கள் எங்கள் மாதிரி வீடுகளின் முன்னறைகளைத் தேடி வருவார்கள். வந்தால் மாதக்கணக்கு. சிலர் வருஷக்கணக்கு. அறைக்குப் பெயர் கிடையாது, போர்டு கிடையாது, சாவி கூடச் சில வீடுகளில் கிடையாது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அந்த ஜெர்மன் அம்மாளோ ரமணரை மூலத்தில் படித்துவிடுவது என்று தமிழ் கற்றுக்கொண்டு வந்தவர். அவருடைய நோட்டில் முதல் பக்கத்தில் 'இரு' என்று பெரிதாக எழுதி, எதிரே ஆறேழு இங்கிலீஷ் வினைச்சொற்களை வரிசையாகப் போட்டிருந்தார். அத்தனையும் அம்மா ஒரே வாரத்தில் சொல்லிக் கேட்டவை. பால் காய்ச்சி முடியும்வரை "இரும்மா" என்றால் காத்திரு. ராத்திரி மழைக்கு அவர் கிளம்பப் பார்த்தபோது "இந்த மழைல எங்க போறே, இங்கயே இரு" என்றால் தங்கு. நான் குதித்தால் "சும்மா இருடா" என்பது வாயை மூடு. "ரூம் இருக்கு" என்றால் கிடைக்கும். "அவரு நல்லா இருக்காரு" என்றால் சுகம். "சாமி இருக்கு" என்று அம்மா மலையைப் பார்த்துக் கும்பிடும்போது அது என்ன வினை என்று தெரியாமல் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. பெர்லினில் புத்தகம் புத்தகமாகத் தேடிய இருப்பு என்கிற தத்துவ விஷயம், இங்கே வாடகை பேசும்போதும் பால் காயும்போதும் சர்வ சாதாரணமாகப் புழங்குவதைப் பார்த்து அவர் ஆடிப்போனார். அம்மாவைச் சில நாள் ஞானி என்று கூட நினைத்தார். அம்மாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அந்த மயக்கத்தைத் தெளிய வைத்தது எங்கள் ஊர்ப் பேச்சு. இந்தப் பக்கத்தில் தன் போக்கில் பேசினால் இருக்கிறது என்பது 'கீது' ஆகிவிடும். இருக்கிறேன் என்பது 'கீறேன்'. பால்காரர் "அம்மா கீறாங்களா?" என்பார், கிணற்றில் "தண்ணி கீது" என்பார் வேலைக்கு வருகிற ஆயா. ரமணர் திருச்சுழியில் பிறந்து மதுரையில் படித்தவர், தென்பாண்டி நாக்கு, அவருக்கு 'இருக்கேன்'. புத்தகத்தில் அதைப் படித்துவிட்டு வந்தவருக்கு, அவர் வாழ்ந்த ஊரிலேயே அந்த வினைச்சொல்லின் தலையைச் சீவிவிட்டு மிச்சத்தை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள் என்பது பெரிய அதிர்ச்சி. 'இரு' போன பின்னும் 'கீது' இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேதாந்தம் வேண்டும் என்று நான் இப்போது கேட்பேன். அப்போது எனக்கு அவருடைய பிஸ்கட் டின் மேல்தான் கண்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் இடம் வைக்காதவர். கையில் ரென் அண்ட் மார்ட்டின், மறு கையில் பிரம்பு. நிரந்தரமாகக் குடியிருந்தால் 'லிவ்'. விருந்தாளியாக, தற்காலிகமாக இருந்தால் 'ஸ்டே'. "ஐ ஆம் ஸ்டேயிங் இன் ரமண நகர்" என்று எழுதினால் பூஜ்யம், ஏனென்றால் நீ அங்கே விருந்துக்கு வரவில்லை, பிறந்து தொலைத்திருக்கிறாய். 'ரிசைட்' மனுக்களில் எழுத வேண்டியது. 'ட்வெல்' கவிதையில் வரும். 'அபைட்' சர்ச்சில் பாடுவது. 'லாட்ஜ்' வினையாகவும் வரும் என்றார்; வகுப்பு சிரித்தது, பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்ததை நினைத்துக்கொண்டு.

அந்த இலக்கணத்தைக் கவிழ்த்தவர் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கைகுலுக்கிவிட்டு, "வேர் டு யூ ஸ்டே?" என்றார். நான் நிமிர்ந்து, பிரம்பின் ஞாபகத்தோடு, "ஐ லிவ் ஹியர், சார்" என்றேன். அவர் சொன்ன விவரம் எனக்குப் பெரிய ஆறுதல். கிளாஸ்கோவில் வீடு எங்கே என்று கேட்பதற்கே 'வேர் டு யூ ஸ்டே' என்பார்களாம். பிறந்த வீட்டில் சாகும்வரை இருப்பவனும் அங்கே 'ஸ்டே'தான் பண்ணுகிறான். தென் ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. மதராஸிலும் பம்பாயிலும் நம்மவர்கள் 'எங்கே ஸ்டே பண்றீங்க' என்று கேட்பதை லண்டன் பாடப்புத்தகம் தப்பு என்கிறது; ஸ்காட்லாந்து சரி என்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். ஆனாலும் அவர்கள்தான் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுப் போனார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். நமக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது: வாடகை வீட்டுக்காரன் 'வாழ்கிறேன்' என்று சொல்லக் கூசுவான்.

சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டினால் அவையும் ஒழுங்காக ஓரிடத்தில் இருந்தவை அல்ல. 'ஸ்டே' லத்தீன் மொழியில் நிற்பதைக் குறிக்கும் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆகவே தீர்ப்பை நிறுத்துவதும் மனுஷன் ஓரிடத்தில் நிற்பதும் ஒரே குடும்பம். திண்ணைக் கட்சிக்காரர் கேட்ட கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானதில்லை. 'ரிசைட்' என்பது பின்னால் சாய்ந்து உட்கார்வது. 'அபைட்' காத்திருப்பது. எல்லாவற்றிலும் ருசியானது 'ட்வெல்': பழைய இங்கிலீஷில் அது வழிதவறச் செய்வது, திசைகெட வைப்பது. வழிதவறினவன் தாமதிப்பான், தாமதித்தவன் தங்குவான், தங்கினவன் குடியேறுவான். செங்கம் ரோட்டில் ஐரோப்பியர்கள் பலரின் வாழ்க்கைச் சரித்திரத்தை அந்த ஒரு சொல் அகராதியில் தனியாக உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறது.

ரமணரை இங்கிலீஷில் பெயர்த்தவர்களுக்கு இந்தச் சொற்களில் மிகவும் கைகொடுத்தது 'அபைட்'. நிற்றல், நிலைத்தல், இருத்தல் என்று அவர் தமிழில் சொன்னவை பலவற்றையும் அதற்குள் அடைத்தார்கள். 1928-ல் அவர் இயற்றிய 'உள்ளது நாற்பது' நூலுக்குத் தலைப்பு வைப்பதிலேயே திண்டாட்டம். ரியாலிட்டி என்றார்கள், எக்ஸிஸ்டென்ஸ் என்றார்கள். அம்மா 'உள்ளது' என்றால் பானையில் மிச்சம் இருப்பது. ராத்திரி பழையதுக்கு அவள் சொல்வாள், "உள்ளதைச் சாப்பிடு."

தங்குவது என்கிற காரியத்தை ரமணர் செய்த விதத்தைப் பார்த்தால் அகராதிகள் வெட்கப்படும். 1896 ஆகஸ்ட் 29-ல் மதுரையை விட்டுக் கிளம்பிய பையனுக்கு வயது 16. வழியில் திருக்கோவிலூர் அருகே காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. மிச்சக் காசை அய்யங்குளத்தில் எறிந்தார். முன்பதிவு இல்லை, பெட்டி இல்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்தார். பையன்கள் கல்லெறிந்ததால் கீழே பாதாள லிங்கத்துக்குப் போனார். அங்கே பூச்சி அரித்தது, வெளியே தூக்கி வந்தார்கள். குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று, 1899-லிருந்து விரூபாட்ச குகை, 1916-லிருந்து ஸ்கந்தாசிரமம். 1922 மே மாதம் தாயார் காலமாகி மலையடிவாரத்தில் அடக்கமானார். சமாதிக்குப் போய்வந்து கொண்டிருந்தவர் அந்த வருஷ டிசம்பரில் அங்கேயே இருந்துவிட்டார். அதுதான் ரமணாசிரமம். 1950 ஏப்ரல் 14 ராத்திரி 8.47-க்கு உடம்பு விழும்வரை, 53 வருஷமும் 7 மாதமும் மலையைச் சுற்றியே ஜாகை மாறியதே தவிர ஊர் மாறவில்லை. புற்று முற்றி, கையில் நாலு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், விட்டுப்போகாதீர்கள் என்று அழுதவர்களிடம், எங்கே போவது, இங்கேதான் இருக்கிறேன் என்கிற பொருளில் அவர் சொன்னதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பால்காரர் அந்த வாக்கியத்தை "இங்கதான் கீறேன்னு சொன்னாரு சாமி" என்று சொல்வார். மொழிபெயர்ப்புகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

வந்தவர்களில் தங்கினவர்கள் உண்டு, தலையைக் காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. பெயர் வாங்கினவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. வேலூரில் போலீஸ் வேலைக்கு வந்த ஃபிராங்க் ஹம்ஃப்ரீஸ் 1911-ல் விரூபாட்ச குகைக்கு ஏறினார். பால் பிரண்டன் 1930களின் தொடக்கத்தில் வந்து, 1934-ல் 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' வெளியிட்டு, உலகத்துக்கே வழி சொல்லிக் கொடுத்தார். சாமர்செட் மாம் 1938-ல் வந்தார், ஆசிரமத்தில் மயங்கி விழுந்தார், சில மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். 1944-ல் 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' வந்தது. இன்றைய கணக்கில் அந்த வருகை 'டே யூஸ்'. அரை நாள் வாடகை. தங்கினவர்களில் மேஜர் சாட்விக் என்பவர் 1935 நவம்பரில் வந்தார். ஆசிரமத்துக்குள்ளேயே அறை கட்டிக்கொண்டு, 1962-ல் கண்மூடி, அந்த மண்ணுக்குள்ளேயே போனார். எஸ்.எஸ். கோஹன் 1936-ல் வந்து பக்கத்தில் பலாக்கொத்தில் மண் குடிசை போட்டார். ஆர்தர் ஆஸ்பர்ன் தன் மனைவியையும் குழந்தைகளையும் 1941-ல் இங்கே அனுப்பிவிட்டு சயாமில் வேலை பார்த்தார். அங்கே ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டு, போர் முடிந்த பிறகுதான் வந்து சேர முடிந்தது. ஆசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையை 1964-ல் தொடங்கியபோது ஆசிரியர் அவரே. நம்மவர்களில் அண்ணாமலை சுவாமி 1938-ல் ஆசிரம வேலையை விட்டுப் பலாக்கொத்துக்குப் போனவர், 1995-ல் காலமாகும்வரை அங்கேயே. நகரத்துக்குள் விசிறி சாமியார் யோகி ராம்சுரத்குமார், தேரடியிலும் பாத்திரக்கடை வாசலிலும் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். அவரிடம் யாராவது எங்கே ஸ்டே என்று கேட்டிருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்.

ரமண நகர் உண்டானதற்கும் தங்குவதில் இருந்த ஒரு தடைதான் காரணத்தில் பாதி. அந்த நாளில் பெண்கள் இருட்டிய பின் ஆசிரமத்துக்குள் இருக்கக் கூடாது. பகலெல்லாம் சந்நிதியில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வெளியே போயாக வேண்டும். வெளியே என்றால் வீடு வேண்டுமே. 1941-ல் ஆந்திரத்திலிருந்து வந்த சூரி நாகம்மா அப்படி வெளியே குடியிருந்துகொண்டு, அன்றாடம் ஆசிரமத்தில் கண்டதையும் கேட்டதையும் தன் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதங்களாக எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. உள்ளே தங்க விட்டிருந்தால் எழுதியிருப்பாரோ என்னவோ. தெரு முழுக்கத் தெலுங்கு போர்டு வந்துவிட்டது என்று இப்போது அங்கலாய்க்கிற என் அண்டை வீட்டார் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவுக்கு ஆசிரம விஷயத்தில் வேறு பெருமை. "பகவானையே கமிஷன் வெச்சு விசாரிச்ச ஊர்டா இது" என்பார். ஆசிரம நிர்வாகம் தனக்கே என்று பெருமாள் சாமி என்பவர் போட்ட வழக்கில், 1936-ல் கமிஷனர் ஆசிரமத்துக்கே வந்து ரமணரைச் சாட்சியாக விசாரித்தது உண்மை. பிரம்மச்சரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் ஆகிய நான்கில் நீங்கள் எந்த ஆசிரமம் என்று கேட்டதற்கு, நான்கையும் கடந்த அத்தியாசிரமம் என்றாராம். சாஸ்திரத்தில் அதற்கு ஆதாரம் உண்டா என்று அடுத்த கேள்வி. வக்கீல்களை யாராலும் அசைக்க முடியாது. 1938-ல் ரமணர் உயில் எழுதி வைத்ததையும் அப்பா மெச்சுவார். துறவி உயில் எழுதலாமா என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும்: "எழுதலேன்னா அந்த எடத்துல இன்னிக்கு ஸ்டே ஆர்டர்தான் ஒட்டியிருக்கும்."

ஜெர்மன் அம்மாள் குடிவந்த மறுநாளே அப்பா 'சி ஃபார்ம்' வாங்கி வந்துவிட்டார். வெளிநாட்டார் யாரைத் தங்க வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 1939-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம், 1946-ம் வருஷத்து அன்னியர் சட்டம் இரண்டின் கீழும் வந்த விதிகளில், காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கிற எந்தக் கட்டிடமும் ஹோட்டல். ஆகவே, வெளியில் ஒரு டீ கூடக் குடித்தறியாத அம்மா சட்டப்படி ஹோட்டல் கீப்பர் ஆனாள். ஃபார்மில் கையெழுத்துப் போடும்போது, "நான் எந்த ஓட்டல் வெச்சேன்?" என்று அவள் கேட்டதற்கு அப்பாவிடம் வேறு பதில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது, போடு.

டூரிஸ்ட் விசாவுக்கு ஒரேயடியாக 180 நாள்தான் உச்சம். அதைத் தாண்டினால் வேறொரு சொல்: 'ஓவர்ஸ்டே'. அளவுக்கு மேல் இருத்தல். அந்தச் சொல் கடிதத்தில் வந்தால் தியானம் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து மெட்ராஸுக்கு ஓடுவார்கள். அந்தப் பழைய சட்டங்களை ஒழித்து, குடியேற்றத்துக்கும் அன்னியருக்குமான புதுச் சட்டம் 2025 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. தேதியைக் கவனியுங்கள். அதே செப்டம்பர் 1-ல்தான், திரும்பிப் போகும் எண்ணமே இல்லாத பையன் ஒருவன் இந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கினான். டில்லியில் யாரும் பஞ்சாங்கம் பார்த்து அப்படி வைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது எங்கள் தெருவில் ஓட்டு வீடு இல்லை. மூன்று மாடி, நான்கு மாடி. ஹோம் ஸ்டே, ஃபேமிலி ஸ்டே, ஏசி ஸ்டே, டிவைன் ஸ்டே. ஹோமில் யாரும் குடியில்லாத ஹோம் ஸ்டேயும் உண்டு. சாவியை எண்பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு உரிமையாளர் பெங்களூரில் இருக்கிறார். ஆட்டோக்காரர்கள் கேட்கிறார்கள்: "எந்த ஸ்டேல ஸ்டே பண்றீங்க?" பெயரும் வினையும் ஒன்றாகிவிட்டன. தங்கு என்கிற நல்ல தமிழ் வினை தங்க இடமில்லாமல் போய்விட்டது.

இதற்கு ஒரு சமூக நியாயமும் இருக்கிறது. இந்த ஊரில் வழிப்போக்கர்கள் தங்குவதற்கு ஆதியில் சத்திரமும் மடமும். ஒவ்வொரு சாதிக்கும் ஒன்று, கார்த்திகை தீபத்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்காகத் தேரோடும் வீதிகளைச் சுற்றிக் கட்டியவை. உள்ளே போக முதலில் நீ யார் என்று சொல்ல வேண்டும். 'நான் யார்' என்பது இந்த ஊரில் இரண்டு விதமாகக் கேட்கப்பட்ட கேள்வி. பிறகு லாட்ஜ் வந்தது. அங்கே யாரென்று கேட்க மாட்டார்கள், அட்வான்ஸ் மட்டும் கேட்பார்கள். ஆனால் சினிமாக்காரர்கள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள். குடும்பஸ்தர்கள் லாட்ஜ் வாசலில் நிற்கக் கூசினார்கள். அந்தக் காலியிடத்தில் வந்து உட்கார்ந்த கண்ணியமான சொல்தான் ஸ்டே. அதே கட்டில், அதே பக்கெட்டு, அதே பூட்டு. வாடகை மட்டும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையேறும்.

என் அக்கா மகன் எம்.பி.ஏ. படித்தவன். எங்கள் பழைய காலி மனையில் இரண்டு மாடி எழுப்பினான். கான்கிரீட் காய்வதற்குள் போர்டு வந்துவிட்டது. கடைசிச் சொல் ஸ்டே, இரவில் நீலமாக எரியும். மனையில் தனக்கும் பாத்தியதை உண்டு என்று பங்காளி ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். மேலே கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. தெரு முழுக்கச் செய்தி பரவிய விதம்: "ஸ்டேக்கு ஸ்டே வாங்கிட்டாங்களாம்." எண்பதைக் கடந்துவிட்ட அப்பா அன்றைக்கு மட்டும் பழைய பலத்தோடு வாசலுக்கு வந்து போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தினார். ஆர்டர் 39. இன்ஜங்ஷன். யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் சமரசமாகி, பங்காளிக்குத் தரைத்தளத்தில் ஒரு கடை என்று முடிந்தது. அவர் அதில் காபி ஷாப் வைத்திருக்கிறார். ஸ்டேக்கு வருகிறவர்கள்தான் அவருக்கும் வாடிக்கை.

வருகிறவர்கள் யார் என்றால், சனிக்கிழமை மத்தியானம் ஹைதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்து இறங்குகிற நல்ல மனிதர்கள். "ரூம் உந்தா?" என்று கேட்டுவிட்டு, சாமான்களைப் போட்டுவிட்டு, பெரிய கோயில் வரிசைக்கு ஓடுகிறார்கள். ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம். விடியும் நேரம் வந்து விழுந்து, 11 மணி செக் அவுட்டுக்கு முன் குளித்துக் கிளம்புகிறார்கள். அவர்கள் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்களைவிட அதிகம் நடக்கிறார்கள். ஆனால் ஸ்டே என்று பேர் எழுதிய அறையில் அவர்கள் இருந்த நேரம் ஐந்தாறு மணி. பேரில்லாத எங்கள் முன்னறையில் ஜெர்மன் அம்மாள் 180 நாளையும் ஒரு நாள் விடாமல் இருந்து தீர்த்தார். கிளம்பும்போது அம்மா வழக்கப்படி "போயிட்டு வா" என்றாள். மூன்று வினையை ஒன்றாக முடிச்சுப் போட்ட அந்த வாக்கியத்தை அவர் நோட்டில் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. வரத்தான் செய்தார், பல தடவை. கடைசியாக வந்தபோது அக்கா மகனுடைய மாடியில் அறை போட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய திண்ணை எங்கே என்றார். பைக் நிறுத்துகிற இடத்தைக் காட்டினோம்.

வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் விருந்தாளிகள் இன்னும் கேள்வி கேட்கிறார்கள். வெந்நீர் எப்போ வரும்? "இருங்க." கார் நிறுத்தலாமா? "இருங்க." பாஸ்வேர்டு என்ன? "இருங்க, பையன் வருவான்." விருந்தாளிகள் புகழ்ந்து எழுதும் குறிப்புகளில் பெரியம்மா மிகவும் அமைதியானவர் என்று இருக்கிறது.

குறிப்புகள் எல்லாம் இப்போது போனில். அக்கா மகன் ராத்திரி சாப்பிடும்போது வாசித்துக் காட்டுவான். ஸ்டே அருமை, ஸ்டே சுத்தம், வேல்யூ ஃபார் மனி, கோயிலுக்குப் பக்கம். போன வாரம் ஒருவர் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் போட்டிருந்தார். அறை பிரமாதம், மலை ஜன்னலிலேயே தெரிகிறது, ஸ்டாஃப் தங்கமானவர்கள். ஆனால் அதிகாலை நாலரை மணிக்கு ஆசிரமத்துப் பக்கமிருந்து மயில்கள் அகவித் தூக்கத்தைக் கெடுக்கின்றன, நிர்வாகம் கவனிக்க வேண்டும். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகவும், விஷயம் சம்பந்தப்பட்டவர்களின் கவனத்துக்குக் கொண்டுபோகப்படும் என்றும், மீண்டும் ஸ்டே பண்ண வருமாறும் அக்கா மகன் பதில் போட்டிருக்கிறான்.